படகில் மின்சாரம்: அளவும் நிலமும் காற்றும்

ஜெராம் கடற்கரையில் மாலை வேளையில் நிற்போர் இருவகை விளக்குகளைக் காணலாம். கரையிலே உணவுக் கடைகளின் விளக்குகள் வரிசையாக ஒளிரும். அவை தொலைவிலுள்ள பெரிய மின்நிலையங்களிலிருந்து கம்பி வழியே வந்த ஒளி. அப்பால் மலாக்கா நீரிணையில் நங்கூரமிட்ட படகுகளில் ஒன்றிரண்டு விளக்குகள் மினுக்கும். அவை அந்தந்தப் படகே உண்டாக்கிக்கொண்ட ஒளி. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆயினும் அவற்றிடையே உள்ள வேறுபாடு உயிரைப் பற்றியது என்பதை நான் சென்ற ஆண்டுதான் உணர்ந்தேன்.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர், தூண்டில் போட வருவோரை ஏற்றிச் செல்லும் படகு ஒன்றை நடத்தி வருகிறார். "சார், லீவுல ஒரு ராத்திரி நம்ம போட்டுல வந்து தங்கிப் பாருங்க" என்று அழைத்தார். சென்றேன். சிறிய குளிர்பெட்டி, சோறு சமைக்கும் மின்பானை, மின்விசிறி, விளக்குகள் என்று வீட்டிலுள்ள வசதிகள் யாவும் அதில் இருந்தன. மழையில் நனையாமலிருக்க மின்னாக்கியை, அஃதாவது நாம் ஜெனரேட்டர் என்று சொல்லும் பொறியை, அறைவாசலை ஒட்டி வைத்திருந்தார்.

இரவு பதினொரு மணியளவில் எனக்குத் தலை கனத்தது, வயிற்றைக் குமட்டியது. அலை பழக்கமில்லாதவனுக்கு இது இயல்புதானே என்று எண்ணி அறைக்குள் படுத்துக்கொண்டேன். பக்கத்தில் படுத்திருந்த பெரியவரும் தமக்கும் அப்படியே இருக்கிறது என்றார். அவரோ பல்லாண்டுகளாகக் கடலுக்கு வருபவர். அந்தச் சொல்தான் என்னை எழுப்பியது. கடல் பழகியவருக்கு அன்று மட்டும் மயக்கம் வருவானேன்? இருவரும் வெளியே வந்தோம். மின்னாக்கியை நிறுத்தச் சொன்னோம். கடற்காற்றில் தலை சிறிது சிறிதாகத் தெளிந்தது. ஆனால் பாரம் முற்றும் நீங்க விடிந்துவிட்டது. எங்களை மயக்கியது அலையன்று, மின்னாக்கியின் புகை.

மறுநாள் அந்த மாணவர் சொன்ன சொல்லை நான் மறக்கவியலாது. "வாட்டு, வோல்ட்டு எல்லாம் படிச்சேன் சார். ஆனா இந்தத் தகட்டுல எழுதியிருக்கிறது அதுதான்னு யாரும் காட்டலையே" என்றார். அவருக்குக் கூட்டலும் பெருக்கலும் கற்பித்தவன் நான். அவற்றைப் போட்டுப் பார்க்கவேண்டிய இடம் எது என்பதைக் கற்பிக்கவில்லை. இக்கட்டுரை ஒருவகையில் அக்கடனைத் தீர்க்கும் முயற்சியே.

இஞ்சின் வெளிச்சம்

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த என் வயதினருக்குச் சொந்த மின்சாரம் புதிதன்று. எங்கள் லயத்துக்குத் தோட்டத்து இஞ்சின்தான் வெளிச்சம் தந்தது. இருட்டும்போது இஞ்சின் ஓடத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு நின்றுவிடும். அந்த இடைவெளிக்குள் வீட்டுப்பாடம் முடிந்தாக வேண்டும். சில மாலைகளில் எல்லா வீட்டு விளக்குகளும் திடீரென்று மங்கிச் செந்நிறமாகிவிடும். யாரோ ஒருவர் இஸ்திரிப் பெட்டியைச் செருகிவிட்டார் என்று பொருள். இஞ்சின்காரர் லயத்து வாசலில் நின்று சத்தம் போடுவார். பெட்டி எடுக்கப்படும், விளக்குகள் மீண்டும் வெண்மையாகும்.

மின்சாரம் வற்றாத ஊற்றன்று, அளவுள்ள ஒரு பொருள் என்பதைப் புத்தகம் கற்பிப்பதற்கு முன்பே அந்த மங்கிய விளக்கு எங்களுக்குக் கற்பித்தது. 1949ஆம் ஆண்டில் மத்திய மின்சார வாரியம் இந்நாட்டில் அமைந்தது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் பெற்றது. 1990இல் தெனாகா நேஷனல் நிறுவனமாக மாறியது. தேசிய மின்கம்பிகள் தோட்டங்களுக்கும் வந்தபின் இஞ்சின் வீடுகள் ஓய்ந்தன. அவற்றோடு அந்தப் பாடமும் மறைந்துவிட்டது. படகில் ஏறுகிறவர் மீண்டும் இஞ்சின் காலத்துக்கே திரும்புகிறார். ஆனால் சத்தம் போடும் இஞ்சின்காரர் அங்கே இல்லை.

வீட்டில் நாம் ஒரு பொத்தானை அழுத்தும்போது நமக்காக மூன்று காவல்கள் கண்ணுக்குத் தெரியாமல் நடைபெறுகின்றன. வேண்டிய அளவு மின்சாரம் குறையாமல் வருகிறது. கசியும் மின்சாரத்தை ஏற்க நிலம் காத்திருக்கிறது. எரிபொருளின் புகை எங்கோ தொலைவில் போய்விடுகிறது. படகில் அளவு, நிலம், காற்று ஆகிய இம்மூன்றையும் நாமே காத்தல் வேண்டும்.

அளவு

மலேசியாவில் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். படகு மின்னாக்கியும் இதையே தருதல் வேண்டும். அழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் மின்திறன் கிடைக்கும். அதன் அலகு வாட். 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓடினால் 690 வாட். மின்பொருள் ஒவ்வொன்றின் அடியிலோ முதுகிலோ ஒட்டப்பட்டுள்ள சிறு தகட்டில் இந்த எண் இருக்கும்.

மின்னாக்கியின் தகட்டிலோ பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று உச்சத்திறன், சிறிது நேரமே தாங்கக்கூடியது. மற்றொன்று தொடர்திறன், மணிக்கணக்காகத் தரக்கூடியது. கடைக்காரர் பெட்டியின்மேல் பெரிதாகக் காட்டுவது உச்சத்திறன். நாம் கணக்கிற்கு எடுக்கவேண்டியது தொடர்திறன். வாட் என்பதற்குப் பதிலாக வோல்ட் ஆம்பியர் என்று எழுதியிருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. மோட்டார் உள்ள பொருள்கள் வாங்கும் மின்னோட்டம் முழுதும் வேலையாக மாறுவதில்லை. ஆதலின் 2,000 வோல்ட் ஆம்பியர் என்று குறித்த பொறியிலிருந்து 1,600 வாட் அளவே எதிர்பார்ப்பது முறை.

அத்தகைய 1,600 வாட் மின்னாக்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். படகில் 10 வாட் விளக்குகள் நான்கு. 60 வாட் மின்விசிறி ஒன்று. ஓடும்போது 100 வாட் வாங்கும் சிறு குளிர்பெட்டி ஒன்று. 650 வாட் மின்பானை ஒன்று. கூட்டினால் 850 வாட். தாராளமாக இடமிருக்கிறது என்று தோன்றும். இங்கேதான் பலர் தவறுகின்றனர்.

குளிர்பெட்டியில் ஒரு மோட்டார் உண்டு. நின்றிருக்கும் வண்டியை முதன்முதல் நகர்த்த எவ்வளவு வலிமை வேண்டும்! உருளத் தொடங்கியபின் ஒரு கையால் தள்ளலாம். மோட்டாரும் அப்படியே. புறப்படும் கணத்தில் அது வழக்கத்தைப்போல் ஐந்து ஆறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். நம் 100 வாட் குளிர்பெட்டி அக்கணத்தில் 600 வாட் கேட்கக்கூடும். அவ்வாறாயின் மற்றவற்றின் 750 வாட்டோடு 600ஐக் கூட்ட 1,350 வாட் ஆகிறது. இது 1,600க்கு உட்பட்டது, ஆகவே தாங்கும். ஆனால் 2,000 வாட் கெட்டிலைச் செருகினால்? வேறெதுவும் இல்லாவிட்டாலும் அது ஒன்றே மின்னாக்கியை விஞ்சிவிடும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது பழமொழி மட்டுமன்று, மின்னியலும் அதுவே.

அளவு மீறினால் விசை விழுந்து எல்லாம் நின்றுவிடும், அவ்வளவுதானே என்று சிலர் எண்ணுவர். விசை விழுந்தால் நல்லது. விழாமல் இழுத்துக்கொண்டிருந்தால்தான் தீமை. சுமை மிகும்போது இஞ்சின் தளர்கிறது. இரு துருவ மின்னாக்கி நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால்தான் 50 ஹெர்ட்ஸ் வரும். சுழற்சி குறையவே அதிர்வெண்ணும் அழுத்தமும் ஒருங்கே குறைகின்றன. குறைந்த அழுத்தத்தில் குளிர்பெட்டியின் மோட்டார் புறப்பட முடியாமல் நின்ற இடத்திலேயே திணறும். நின்றபடியே மிகுந்த மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறித் தன் கம்பிச் சுருளை எரித்துக்கொள்ளும். அன்று லயத்தில் மங்கிய விளக்கு எதுவும் கெட்டுப்போகவில்லை. இன்று அதே மங்கலில் குளிர்பெட்டி கெட்டுப்போகிறது.

ஆகவே ஒரு முறை உண்டு. மின்னாக்கியைச் சுமையின்றித் தொடங்குக. அதன் ஓசை ஒரே சீராகும் வரை பொறுத்திருக்க. முதலில் மோட்டார் உள்ள பெரிய பொருளைச் சேர்க்க. பின்னர் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க. நிறுத்தும்போது பொருள்களை முதலில் கழற்றி, இஞ்சினைக் கடைசியில் நிறுத்துக. எண்ணெய் தீர்ந்து தானே நிற்கட்டும் என்று விடலாகாது. இஞ்சின் சாகும் அந்தச் சில நொடிகளில் அழுத்தம் தாறுமாறாகும். விசை விழுந்தால் உடனே மீண்டும் ஏற்றுவதும் தவறு. ஏன் விழுந்தது என்று பார்த்துச் சுமையைக் குறைத்தபின்னரே ஏற்றுதல் வேண்டும்.

நிலம்

எடிசனின் மின்விளக்கு கப்பலில் ஏறியது 1880ஆம் ஆண்டில். அமெரிக்காவின் கொலம்பியா என்னும் நீராவிக் கப்பல் எடிசனின் விளக்குகளைத் தாங்கிச் சென்றது. இரண்டே ஆண்டுகளில், 1882இல், பிரிட்டிஷ் போர்க்கப்பலான இன்ஃப்ளெக்சிபிளில் மின்சாரம் தாக்கி ஒருவர் உயிரிழந்தார். அதன்பின் அக்கடற்படை தன் கப்பல்களுக்கு 80 வோல்ட் என்னும் குறைந்த அழுத்தத்தை ஏற்றுக்கொண்டது. நம் சிறு படகுகளிலோ 230 வோல்ட் ஓடுகிறது.

உடம்பு உலர்ந்திருக்கும்போது தோல் ஓரளவு மின்சாரத்தைத் தடுக்கும். உப்புநீரில் நனைந்த உடம்பின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்குக் குறைந்துவிடும். 230 வோல்ட்டை 1,000ஆல் வகுத்தால் 0.23 ஆம்பியர்; அஃதாவது 230 மில்லியாம்பியர். வீட்டில் நம்மைக் காக்கும் மின்கசிவுத் தடுப்பான் 30 மில்லியாம்பியருக்குள்ளேயே மின்சாரத்தை வெட்டிவிடும்படி அமைக்கப்படுகிறது. இரண்டு எண்களையும் ஒப்பிட்டால் ஈரப் படகின் ஆபத்து விளங்கும்.

அந்தத் தடுப்பான் எப்படிக் காக்கிறது? போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிடுகிறது. போனது முழுவதும் திரும்பாவிட்டால், எங்கோ ஒரு வழியில், ஒருவேளை ஒருவரின் உடல் வழியே, கசிகிறது என்று அறிந்து வெட்டுகிறது. வீட்டு மின்சாரத்தின் நடுநிலைக் கம்பி நிலத்தோடு இணைக்கப்பட்டிருப்பதால்தான் இது நிகழ்கிறது.

எடுத்துச் செல்லும் சிறு மின்னாக்கிகள் பலவற்றில் இரு கம்பிகளில் எதுவும் அதன் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருப்பதில்லை. ஆகவே ஒரு கம்பியை மட்டும் தொட்டவருக்கு அதிர்ச்சி தெரியாமலே போகலாம். இதைப் பாதுகாப்பு என்று மயங்கலாகாது. ஒரு கம்பியின் உறை தேய்ந்து படகின் உலோகத்தைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். எவருக்கும் தெரியாது, யாவும் முன்போலவே இயங்கும். பின்னொரு நாள் ஒருவர் அந்த உலோகத்தில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கம்பியைத் தொட்டால் சுற்று அவர் உடலில் முடிகிறது. முதற்பழுது ஊமைப் பழுது. இரண்டாவதுதான் கொல்வது. இந்நிலையில் தடுப்பானும் கசிவை அறியாமல் போகக்கூடும்.

எனவே படகு முழுவதும் கம்பி இழுத்துப் பல இடங்களில் பொருத்துமுனை வைப்பதானால், நடுநிலைக் கம்பியை மின்னாக்கியிடத்திலேயே பாதுகாப்புக் கம்பியோடு இணைத்து, அதைப் படகின் பொது நில இணைப்போடு சேர்த்து, மின்கசிவுத் தடுப்பானும் பொருத்துதல் வேண்டும். இது நாமே செய்யும் வேலையன்று. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மன் செய்யவேண்டியது. அதுவரை ஒன்றிரண்டு பொருள்களை, பழுதற்ற குறுகிய கம்பியால், மின்னாக்கியிலேயே நேராகச் செருகிக்கொள்வது நலம்.

கரைக்கு வந்தபின் படகைக் கரைமின்சாரத்தோடு இணைப்போரும் உண்டு. கரைமின்சாரமும் மின்னாக்கியும் ஒருபோதும் ஒரே கம்பியில் சந்திக்கலாகாது. ஒன்றை விட்டபின்னரே மற்றொன்றைப் பற்றும் மாற்றுவிசை கட்டாயம் வேண்டும். மின்தடை நேரத்தில் வீட்டுச் சுவர்முனையில் மின்னாக்கியைச் செருகும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். அவ்வாறு செருகினால் மின்சாரம் தெருக்கம்பிக்குப் பின்னோக்கிப் பாயும். மின்மாற்றி அதை 11,000 வோல்ட்டாக உயர்த்திவிடும். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவரின் உயிர் போகும்.

உப்பும் ஒரு பகைவன். உலர்ந்த உப்புப் படலம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மின்சாரத்துக்கு வழி தரும். செம்பு முனைகள் பச்சை பூத்துத் தடை மிகும், தடை மிகுந்த இடம் சூடேறும், சூடு தீயாகும். செருகியைத் தொட்டுப் பார்த்துச் சூடாயிருந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. பொருத்துமுனைகள் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் இருத்தல் வேண்டும்.

காற்று

மூன்றாவது காவலே நான் தவறவிட்டது. எண்ணெய் எரியும் இஞ்சினிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உயிர்வாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு இவ்வாயுவைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்றில் உயிர்வாயு இருந்தும் உடலுக்கு அது கிட்டுவதில்லை.

இதன் முதற்குறிகள் தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், சோர்வு. கடல்மயக்கத்தின் குறிகளும் இவையே. இதுதான் படகில் உள்ள தனிக்கேடு. கரையில் இக்குறிகள் தோன்றினால் ஐயம் எழும். கடலில் அலையின்மேல் பழி போட்டுவிட்டு, மயக்கம் தீர அறைக்குள் சென்று படுக்கிறோம். நஞ்சு நிறைந்த இடத்தையே மருந்தென்று நாடுகிறோம். ஒரே அறையில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால், வெளியே வந்ததும் தணிந்தால், அதைக் கடல்மயக்கம் என்று கொள்ளற்க. உடனே அனைவரும் திறந்தவெளிக்கு வருக. இஞ்சினை நிறுத்துக. உதவிக்கு 999 எண்ணை அழைக்க. தொலைபேசி எட்டாத இடமாயின் கடல் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் அழைக்க.

மின்னாக்கியை அறைக்குள்ளோ தளத்தின் கீழோ வைத்தல் ஒருபோதும் கூடாது. சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் பிழை. திறந்த தளத்தில், அறைக்குக் காற்றின்கீழ்ப் புறத்தில், புகைக்குழாய் கடலை நோக்கி இருக்குமாறு வைத்தல் வேண்டும். முன்புறம் நங்கூரமிட்ட படகு பெரும்பாலும் காற்றை எதிர்நோக்கி நிற்கும். அப்போது பின்புறம் தக்க இடம். ஆனால் நம் மலாக்கா நீரிணையில் நீரோட்டம் வலியது. நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றும் இக்கடலில், படகு காற்றை விட்டு நீரோட்டத்துக்கு இணங்கித் திரும்பிவிடும். மாலையில் வெளியே போன புகை நள்ளிரவில் அறைக்குள் வரும். எனவே ஏறத்தாழ ஆறு மணிக்கொரு முறை, நீரோட்டம் மாறும்போதெல்லாம், புகை போகும் திசையைப் பார்த்தல் வேண்டும். உறங்கும் அறையில் இவ்வாயுவை உணர்ந்து ஒலிக்கும் மின்கல எச்சரிக்கைக் கருவி ஒன்று இருத்தல் இன்றியமையாதது.

பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. சிந்தினால் அது படகின் அடிப்பள்ளத்தில் இறங்கித் தங்கும். ஒரு விசையின் பொறி போதும் அதைப் பற்றவைக்க. ஆகவே எண்ணெயை இஞ்சின் ஆறியபின் ஊற்றுதல் வேண்டும். இயலுமாயின் புறப்படுமுன் கரையிலேயே ஊற்றிக்கொள்ளல் வேண்டும். படகில் நிலையாகப் பொருத்திக் கடல்நீரால் குளிர்விக்கும் மின்னாக்கி உடையோர்க்கு மற்றோர் எச்சரிக்கை: ஜெராம் போன்ற சேற்றுக் கரையில் நீர் வற்றும்போது நீர்க்குழாய் அடைபட்டு இஞ்சின் சூடேறும்.

ஒருவரை மின்சாரம் தாக்கிவிட்டால் அவரைத் தொடாதீர். படகில் மின்நிலையமே நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மின்னாக்கியை நிறுத்துவதே முதலுதவி. பிறகுதான் அவரை நெருங்குதல் வேண்டும்.

வகுப்பறைக்கு

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் மாணவர்களின் வீட்டில் மின்பானை இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. அவற்றின் தகட்டிலுள்ள எண்களை எழுதி வருமாறு சொல்லுங்கள். ஒரு மின்னாக்கியின் தொடர்திறனைக் கரும்பலகையில் எழுதுங்கள். எவையெவற்றை ஒன்றாக இயக்கலாம், எதை விடவேண்டும் என்று அவர்களே கூட்டிப் பார்க்கட்டும். கூட்டல் கணக்கு பழங்களோடும் பந்துகளோடும் நின்றுவிட வேண்டியதில்லை. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன், நில இணைப்பு என்னும் சொற்களைத் தேர்வுக்கு மனப்பாடமாக அன்றி, கையால் தொட்டுக் காட்டிய பொருள்களின் பெயர்களாக அவர்கள் கற்கட்டும்.

அந்த மாணவரின் படகில் நான் மீண்டும் ஒருமுறை தங்கினேன். மின்னாக்கி பின்தளத்துக்குப் போயிருந்தது. கெட்டில் கரைக்குத் திரும்பிவிட்டது. வயர்மன் வந்து இணைப்புகளைச் செம்மை செய்திருந்தார். அறையில் எச்சரிக்கைக் கருவி தொங்கியது. கதவின் உட்புறத்தில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. அதில் ஒவ்வொரு பொருளின் வாட் எண்ணும், அவற்றின் கூட்டுத்தொகையும் அவர் கையெழுத்தில் இருந்தன. பழைய வழக்கத்தால் நான் சரிபார்த்தேன். கணக்குச் சரியாக இருந்தது. அன்றிரவு நன்றாக உறங்கினேன்.